விலகிப் போக வழி: கொல்லாமல் விரட்டும் கருவிகளும் கெடா மண்ணும்



இந்த அறக்கட்டளையின் மேடையில் வழக்கமாக இலக்கியமும் சமயமும் பேசப்படும். இந்த ஆண்டு அறிவியல் பொருள் ஒன்றைப் பேசச் சொன்னார்கள். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன், தோட்டத்தில் பிறந்தவன். இரண்டுக்கும் பொதுவான ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். கொல்லாமல் விரட்டும் கருவிகள். யானையையும் பன்றியையும் குரங்கையும் பறவையையும் விரட்ட மனிதர் கண்டுபிடித்தவை. மனிதரை விரட்ட மனிதரே கண்டுபிடித்தவை.

இரண்டையும் ஒரே உரையில் வைப்பது சிலருக்கு நெருடலாம். ஆனால் கருவி செய்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. மிளகாய்க் காரத்தை யானைக்கும் வைத்தார்கள், கூட்டத்தின் மேலும் வீசினார்கள். மின்சாரத்தை வேலியிலும் விட்டார்கள், மனிதர் உடம்பிலும் பாய்ச்சினார்கள். கருவி ஒன்றாக இருக்கும்போது கேள்வியும் ஒன்றுதான்: இது எப்போது விரட்டுகிறது, எப்போது கொல்கிறது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரட்டப்படும் உயிருக்கு விலகுவதற்கு நேரம் வேண்டும், விலகிப் போவதற்கு இடம் வேண்டும். இந்த இரண்டும் இருக்கும்வரை அது விரட்டும் கருவி. இரண்டில் ஒன்று பறிபோனால், அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது உயிரெடுக்கும்.

தமிழருக்கு இது புதிய பொருள் அல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்ணின் கையில் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. மூன்றும் கிளி ஓட்டுபவை. மூங்கிலைக் கணுவுக்குக் கணு நறுக்கி, பலவாகப் பிளந்து, ஓசை எழத் தட்டுவது தட்டை என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் செய்முறையையே சொல்லிவிடுகிறார். ஓசை கேட்டுக் கிளி பறக்கும். அது போவதற்கு மலை முழுக்க இடம் கிடந்தது.

அதே மலையில் யானைக்குக் கவண். மலைபடுகடாம் அந்த வழியே போகும் கூத்தர்களை எச்சரிக்கிறது: காவலர்கள் யானைக்கு எறியும் கவண்கல் உங்கள் மேல் படக்கூடும், மரங்களின் மறைவில் போங்கள் என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குறி ஒருவர் மேல், அடி வேறொருவர் மேல் என்ற கவலையை அந்தப் புலவர் அன்றைக்கே பட்டிருக்கிறார். அந்தக் கவலை நம் காலத்திலும் தீரவில்லை: 1970இல் பிரிட்டிஷ் படை வட அயர்லாந்தில் ரப்பர் குண்டைக் கொண்டுவந்தது. கொல்லாத குண்டு என்றுதான் கொண்டுவந்தது. ரப்பர் குண்டாலும் அதற்குப் பின் வந்த பிளாஸ்டிக் குண்டாலும் அங்கே 17 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. காஷ்மீரில் 2016இல் கூட்டத்தின் மேல் சுட்ட பெல்லட் துப்பாக்கியால் கண்ணிழந்த பிள்ளைகளின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே வெடிப்பில் சிதறிப் பாயும் நூற்றுக்கணக்கான ஈயக் குருணைகள் யாரைக் குறிபார்க்க முடியும்?

இனி தோட்டத்துக்கு வருகிறேன்.

காட்டைத் திருத்திப் பால் மரம் நட்ட காலத்திலிருந்தே நம்மவர்களுக்கும் காட்டு உயிர்களுக்கும் வழக்கு உண்டு. லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியைப் பன்றி கிளறும். இளங்கன்றின் பட்டையை முள்ளம்பன்றி கடிக்கும். இரவில் காவல்காரரான ஜாகா தகரத்தைத் தட்டிக்கொண்டு சுற்றுவார். விடிவதற்கு முன் பால் வெட்டப் போனவர்கள் நெற்றியில் கார்பைட் விளக்கு கட்டியிருந்தார்கள். கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். அதுதான் அந்த வெள்ளைச் சுடர். அதே கார்பைடை மூங்கில் குழாயில் இட்டுத் தண்ணீர் விட்டு நெருப்புக் காட்டினால் பீரங்கிச் சத்தம் வரும். மலாய்க் கம்பங்களில் நோன்புப் பெருநாளுக்கு வெடிக்கும் மூங்கில் பீரங்கியும் அதுவே. வெளிச்சம் தந்த பொருளே வேட்டும் தந்தது.

ஆனால் ஓசைக்கு ஓர் எல்லை உண்டு. சத்தம் வலிக்காது என்று விலங்கு சில நாளில் தெரிந்துகொள்கிறது. பன்றி அடுத்த வாரம் திரும்பி வரும். குரங்குக்கு அந்த ஒரு வாரமும் வேண்டியதில்லை. உடனே மனிதர் சத்தத்தைக் கூட்டுவார்கள், வெடியைப் பெரிதாக்குவார்கள். ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான். இலங்கையில் யானையை மிரட்ட ஊராருக்குப் பட்டாசு கொடுக்கிறார்கள். அதே வெடிமருந்தை உணவுக்குள் ஒளித்து விலங்கின் வாயைச் சிதைக்கும் ஹக்கா பட்டாசும் அங்கேதான் இருக்கிறது. 2020இல் கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த உணவைக் கடித்துச் செத்த கருவுற்ற யானையை உலகமே பேசியது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் கார்பைட் துப்பாக்கி பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாக விற்கப்பட்டது. அது வயலில் குரங்கு விரட்ட வந்த கருவி. அதனால் ஏராளமான குழந்தைகள் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். நம் கடைகளிலும் கார்பைட் கிடைக்கும். பெற்றோர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் துறையில் மனிதர் செய்த கருவிகளிலேயே நான் மிக உயர்வாக மதிப்பது மின்வேலி. அதனால் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி கேட்கிறேன்.

1930களில் நியூசிலாந்தின் வைக்காத்தோ பகுதியில் பில் காலகர் என்ற பண்ணைக்காரரின் குதிரை அவருடைய காரில் உடம்பைத் தேய்க்கும். அதைத் தடுக்க அவர் காருக்கு மின்சாரம் ஏற்றினார் என்பது அந்த வேலியின் பிறப்புக் கதை. கதை சிறியது, அதிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் பெரியது. இன்றைய மின்வேலியில் ஆறாயிரம் முதல் பத்தாயிரம் வோல்ட் வரை இருக்கும். வீட்டில் வருவது 240 வோல்ட். கேட்டவுடன் வேலிதான் ஆபத்து என்று தோன்றும். உண்மை நேர்மாறானது.

வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாய்கிறது. கையில் பட்டு உடம்பின் வழியே பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் ஓடினால் போதும், தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கம்பியை விட முடியாது. விட முடியாததால் மின்சாரம் தொடர்ந்து ஓடும். நூறு மில்லி ஆம்பியர் அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும். மின்வேலியில் பாய்வதோ துடிப்பு. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பாயும், உடனே நின்றுவிடும். பிறகு ஒரு நொடி சும்மா இருக்கும். நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் கூடாது, ஒரு துடிப்பில் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தரவிதி சொல்கிறது. அடி விழுகிறது. தசை சுருங்குகிறது. அடுத்த கணம் தசை விடுபடுகிறது. அந்த ஒரு நொடியில் யானை தும்பிக்கையை இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறது.

மாணவர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். இந்தக் கருவியில் மனித அறிவு செலவழிந்த இடம் அந்த அடி அன்று. அடிக்க யாராலும் முடியும். இரண்டு அடிக்கு நடுவில் வைத்த இடைவெளிதான் கண்டுபிடிப்பு. விலகுவதற்கான நேரத்தைக் கருவிக்குள்ளேயே பொறியாளர்கள் கட்டி வைத்தார்கள்.

அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட கள்ளக் கம்பியில் மூன்று யானைகள் செத்தன. துடிப்பில்லாத நேரடி மின் இணைப்பு அது. கூட வந்த இரண்டு குட்டிகள் உயிர் பிழைத்துத் தாய்மார்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. நம் நாட்டிலும் பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் மாண்ட செய்திகள் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. துடிப்பை உண்டாக்கும் வேலிப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று வீட்டு ஒயரை இழுத்துக் கட்டுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் கம்பிதான். ஒன்றில் ஒரு நொடி இடைவெளி இருக்கிறது, மற்றதில் இல்லை. உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு கம்பியைப் பார்த்தால் கைகூப்பிக் கேட்கிறேன், அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

நல்ல வேலியும் தானாக வேலை செய்யாது. லாலான் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் புல் வழியே மண்ணுக்குப் போய்விடும். யானைக்கு மிஞ்சுவது இலேசான கூச்சம்தான். மின்சாரம் யானையின் உடம்பில் இறங்கி மண் வழியே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்திருந்தால் திரும்பாது. வட கெடாவில் ஆண்டுத் தொடக்கத்து மாதங்கள் வறண்டவை. வேலி வலுவிழப்பதும் அப்போதுதான். கம்பிகளுக்கு நடுவே மண்ணோடு இணைத்த கம்பியும் ஓட்டினால் இந்தக் குறையைச் சரிசெய்யலாம். தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்பதைக் கண்டுகொண்ட ஆண்யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கின்றன. மரத்தைத் தள்ளி வேலி மேல் சாய்த்துவிட்டு நடந்து போகின்றன. தினமும் வேலியோடு நடந்து பார்க்க ஆள் வேண்டும். புல் வெட்ட ஆள் வேண்டும். வேலி போடுவதற்கு விழா எடுக்கிறோம். புல் வெட்டுவதற்குக் கணக்கில் பணம் ஒதுக்குவதில்லை.

மின்வேலியை யானைக்குப் பயன்படுத்துவதில் மலேசியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 2009 முதல் யானை மின்வேலித் திட்டத்தை நடத்துகிறது. அதற்கு முன் அந்தத் துறை பெரிதும் நம்பியது இடமாற்றத்தை. 1974 முதல் இன்றுவரை அறுநூறுக்கு மேற்பட்ட யானைகளை மயக்க மருந்து கொடுத்து, பிடித்து, லாரியில் ஏற்றித் தாமான் நெகாராவுக்கும் பெலும் காட்டுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த யானைகள் சுடப்பட்டிருக்கும். ஆனால் இலங்கையில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் குழுவினரும் இடம் மாற்றிய ஆண்யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டித் தொடர்ந்து பார்த்தபோது, சில பழைய ஊருக்கே திரும்பின, சில எங்கும் தங்காமல் அலைந்தன, சிலவே புது இடத்தில் நின்றன. பலவும் போன இடத்தில் மறுபடி பயிரில் இறங்கின. பிரச்சினையும் யானையோடு லாரியில் ஏறிப் போயிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யானைக்கு நடுக்காடுதான் வீடு, ஓரத்துக்கு வருவது அத்துமீறல் என்று நாம் நினைக்கிறோம். தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளுக்குப் பட்டை மாட்டித் தொடர்ந்த ஆய்வு, அவை பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுவைவிட ஓரங்களையும் அதற்கு வெளியே உள்ள இளங்காட்டையுமே விரும்புகின்றன என்று காட்டியது. புல்லும் மூங்கிலும் வாழையும் தளிரும் வெளிச்சம் விழும் இடத்தில்தான் செழிக்கும். அந்த ஓரத்தில்தான் நாமும் செம்பனை நடுகிறோம்.

யானையைப் பற்றிப் பேசியதை இந்த இடத்தில் நிறுத்தி மனிதருக்கு வருகிறேன். யானை வேறு, மனிதர் வேறு. உரிமை கேட்டு நிற்பவரை விலங்கோடு ஒப்பிடுவது என் நோக்கம் அல்ல. நான் பார்ப்பது கருவியை மட்டும்.

இந்த மாநிலத்திலேயே தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். கூலியில் ஒரு பங்கைத் தோட்டத்துக் கள்ளுக்கடையே திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசோடு மோதல் வந்தது. ஏப்ரலில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். அன்றைய போலீசின் கையில் இருந்தவை இரண்டு: தடி, துப்பாக்கி. தடிக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் எதுவும் இல்லை.

அந்த நடுவிடத்தை நிரப்பத்தான் உலகெங்கும் கலகத் தடுப்புப் படைகள் வந்தன. நம் நாட்டில் சிவப்பு லாரி என்று எல்லோரும் அறிந்த எஃப்.ஆர்.யூ. 1955இல் அமைந்தது. கேடயம், நீர்ப்பீரங்கி, கண்ணீர்ப்புகை. 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறு தோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தபோதும், 1980 ஜனவரியில் நெல்லுக்கான உதவித்தொகையைக் கூப்பனாகக் கொடுப்பதை எதிர்த்து அலோர் ஸ்டாரில் விவசாயிகள் திரண்டபோதும் இந்த நாடு டப்ளின் தோட்டத்து நாளுக்குத் திரும்பிப் போகவில்லை. அதை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன். துப்பாக்கியைவிட நீர் மேல், புகை மேல். இதில் எனக்கு ஐயமில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆனால் கண்ணீர்ப்புகை என்பது என்ன? 1928இல் அமெரிக்காவில் பென் கார்சன், ராஜர் ஸ்டவுட்டன் என்ற இரு வேதியியலார் மிடில்பரி கல்லூரியில் உண்டாக்கிய பொருள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் அதைச் சி.எஸ். என்கிறோம். புகை என்றாலும் அது வாயு அல்ல, மிக நுண்ணிய தூள். ஈரமான இடத்தில் ஒட்டும்: கண், மூக்கு, தொண்டை, வியர்த்த தோல். போர்க்களத்தில் இதைப் பயன்படுத்துவதை 1997இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத உடன்படிக்கை தடை செய்கிறது. உள்நாட்டில் காவல் பணிக்கு அனுமதிக்கிறது. எதிரிப் படைவீரன் மேல் வீசக் கூடாததைச் சொந்தக் குடிமகன் மேல் வீசலாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்பாத விதி இது.

திறந்தவெளியில் காற்று அடிக்கும்போது அது கலைக்கும் கருவி. கண் எரியும், ஓடுவோம், காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினால் சிறிது நேரத்தில் தெளியும். மூடிய இடத்தில் என்ன ஆகிறது? 1964 மே 24இல் பெரு நாட்டின் லிமா கால்பந்து அரங்கில் கண்ணீர்ப்புகை வீசினார்கள். கீழே வெளிவாயில்கள் மூடிக் கிடந்தன. 328 பேர் இறந்தார்கள். 2001 மே 9இல் கானாவின் அக்ரா அரங்கில் 126 பேர். 2022 அக்டோபர் 1ஆம் தேதி, நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில், மாலாங் பகுதியின் கஞ்சுருஹான் அரங்கில் 135 பேர். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. 2013இல் எகிப்தில் சிறை வண்டிக்குள் அடைத்திருந்தவர்கள் மேல் புகை விட்டு 37 பேர் மாண்டார்கள். அரங்குகளில் பெரும்பாலோரைக் கொன்றது வேதிப்பொருள் அன்று. புகைக்கு அஞ்சி ஓடியவர்கள் வாயிலில் நெரிந்து செத்தார்கள். குப்பிக்குள் எந்த மாற்றமும் இல்லை. கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான்.

நம்மவர்க்கு அந்தக் கதவு தெரியும். 2007 நவம்பர் 25ஆம் நாள் விடிவதற்கு முன்பே பத்துமலைக் கோயில் வளாகத்துக்குள் பேரணிக்காகக் கூடியிருந்தவர்கள் மேல் கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த நீரும் பாய்ந்தன. வாயில் மூடியிருந்தது, வெளியேற வழியில்லை என்று அங்கிருந்த பலர் சொன்னார்கள். கெடாவிலிருந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இந்த அவையிலும் சிலர் இருக்கலாம். அன்றைய அரசியலைப் பேச நான் இங்கே வரவில்லை. இயற்பியல் ஆசிரியனாக ஒன்று மட்டும் கேட்பேன். கலைந்து போ என்று ஒரு கருவி கட்டளையிடும்போது, போவதற்கான பாதையைக் காட்டும் பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்வி நம் நாட்டில் முறையாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. 2000 நவம்பர் 5இல் கெசாஸ் நெடுஞ்சாலையில் நடந்த கூட்டத்தைக் கலைத்ததைப் பற்றி விசாரித்த மனித உரிமை ஆணையமான சுஹாகாம், கலையச் சொல்லும் ஆணை கூட்டத்துக்குக் கேட்க வேண்டும், கலையப் போதிய நேரம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் மின்வேலியில் கண்ட ஒரு நொடி இடைவெளிதான் அந்தப் பரிந்துரையிலும் இருக்கிறது. வேலிப் பெட்டியில் அது தரவிதி.  கூட்டத்தின் விஷயத்தில் அது பரிந்துரையாகவே நிற்கிறது.

மிளகாயைப் பற்றி ஒரு சொல். கண்ணேறு கழிக்க அம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடும்போது வீடே இருமும். அந்த எரிச்சல் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். 2021இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நரம்பு முனையில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. காரம் அதைப் போய்த் திறக்கிறது. தீப்பட்டதாக மூளை நம்புகிறது, ஆனால் தோல் வேகவில்லை. மனிதருக்கும் யானைக்கும் காரம் அந்தப் புரதத்தைத் திறக்கிறது, பறவைக்குத் திறக்காது. அதனால்தான் மைனா மிளகாய்ப் பழத்தைச் சிரமமில்லாமல் தின்கிறது. சிம்பாப்வேயில் மிளகாயைச் சாணத்தோடு சேர்த்து எரித்து யானையைத் தடுத்தார்கள். அசாமில் பூத் ஜோலோக்கியா மிளகாயை எண்ணெயில் குழைத்துக் கயிற்றில் பூசி வேலியாகக் கட்டினார்கள். அந்த மிளகாயையே இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கையெறி குண்டாகவும் ஆக்கியது. கயிற்றில் பூசிய காரத்தை யானை நுகர்ந்து, தானே முடிவெடுத்து விலகுகிறது. குண்டில் அடைத்த காரம் ஓடுபவனைத் துரத்திப் பிடிக்கிறது. ஒரே காரத்துக்கு இத்தனை வேறுபாடு.

கென்யாவில் லூசி கிங் செய்த தேன்கூட்டு வேலியையும் கயிற்றுப் பக்கமே வைப்பேன். கம்பியில் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டால் யானை உரசும்போது தேனீ கிளம்பும், யானை விலகும், விவசாயிக்குத் தேனும் கிடைக்கும். இந்தியாவில் 2021இல் குடகுப் பகுதியில் இதைத் தொடங்கினார்கள். நம் மழைக்கும் செம்பனைக்கும் இது எந்த அளவு ஒத்துவரும் என்பதைச் சோதிக்க வேண்டும்.

நகரத்துக்கும் விரட்டும் கருவிகள் வந்துவிட்டன. 2005இல் வேல்ஸ் நாட்டில் ஹவர்ட் ஸ்டேப்பிள்டன் என்பவர் கொசு என்ற பெயரில் ஒரு பெட்டி செய்தார். ஏறக்குறைய 17 கிலோஹெர்ட்ஸ் ஒலி. இளையவர் காதுக்கு மட்டும் கேட்கும். கடை வாசலில் கூடும் பிள்ளைகளை விரட்டுவதற்கு. தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் அது கேட்கும், தாய்க்குக் கேட்காது. குழந்தை ஏன் அழுகிறது என்று அவளுக்குத் தெரியாது, விலகிப் போகவும் தோன்றாது. வயதைக் குற்றமாக்கும் இந்தக் கருவி எந்த ஊருக்கும் வேண்டாம்.

கருவியே இல்லாத விரட்டல் ஒன்றையும் நம் சமுதாயம் கண்டது. தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புத் திட்டங்களாக மாறிய காலத்தில் நாட்டின் சில இடங்களில் லயத்தைக் காலி செய்யாதவர்களுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் சுடவில்லை. மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை. பிழைப்பும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்த இடத்தைவிட்டு நகரத்தின் புறம்போக்குக்குப் போனவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை இந்த ஊரில் பலரும் சொல்வார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, நாம் செய்யக்கூடியது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டங்களைக் கலைப்பது நம் கையில் இல்லை. யானை விஷயம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

கெடாவின் கிழக்கோரம் உலு மூடாக் காடு. ஏறக்குறைய 1,60,000 ஹெக்டேர். மூடா, பெடு, ஆனிங் நீர்த்தேக்கங்களுக்கு நீர் வருவது அந்தக் காட்டிலிருந்து. மூடாச் சமவெளியின் நெல் அந்த நீரில் விளைகிறது. தீபகற்பத்தில் மொத்தம் 1,223 முதல் 1,677 யானைகள் இருக்கலாம் என்று 2013இன் தேசிய யானைப் பாதுகாப்புத் திட்டம் மதிப்பிட்டது. அவற்றில் ஒரு பகுதி இந்தக் காட்டில் வாழ்கிறது. சிக், பாலிங் மாவட்டத்து விளைநிலங்களுக்கு வருபவை இவைதாம்.

வேலியைக் காட்டின் எல்லைக்கோட்டில் நிரந்தரமாகப் போடுவதே வழக்கம். கோடு வரைபடத்தில் இருக்கிறது, யானை கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறது. விலகிப் போ என்று அடித்தால் எந்தப் பக்கம் விலகுவது? இலங்கையில் 2020இல் தயாரான தேசியச் செயல்திட்டம் இதை மாற்றச் சொன்னது. ஊரைச் சுற்றி ஊராரே காக்கும் வேலி. வயலைச் சுற்றி விதைக்கும்போது போட்டு அறுத்ததும் கழற்றும் வேலி. அறுப்புக்குப் பின் யானை தாளடியில் வந்து மேயும், யாருக்கும் நட்டமில்லை. யானை தானே வேலிக்கு வெளியே நிற்கிறது. அதற்குப் போக நாடு முழுக்க இடம் இருக்கிறது.

நம்மிடம் நெல்லைவிடச் செம்பனைதான் காட்டோரத்தில் இருக்கிறது. செம்பனையின் கணக்கு வேறு. மறுநடவு செய்த முதல் நான்கைந்து ஆண்டுகளில்தான் யானை குருத்தைப் பிடுங்கித் தின்னும். ஒரே இரவில் நூறு கன்று போகும். மரம் உயர்ந்த பிறகு அது மரத்தடியில் நடந்து போகும், அவ்வளவுதான். ஒரு செம்பனையின் வாழ்வு ஏறக்குறைய 25 ஆண்டு. அப்படியானால் வேலி தேவைப்படுவது அந்த 25இல் ஐந்து ஆண்டுக்கு மட்டும். மறுநடவு செய்த துண்டைச் சுற்றி வேலியைப் போடுவோம். மரம் வளர்ந்ததும் கழற்றி அடுத்த மறுநடவுத் துண்டுக்குக் கொண்டுபோவோம். முதிர்ந்த தோப்பின் வழியே யானைக்குப் பாதை திறந்திருக்கும். கம்பியும் பெட்டியும் சூரியத் தகடும் அவையே. இடம் மட்டும் மாறும்.

இதற்குத் தடை பணம் அல்ல, தகவல். காட்டோரத்தில் பெருந்தோட்டம், சிறு தோட்டக்காரர், கம்பம், குடியேற்றத் திட்டம் என்று பலரும் அருகருகே இருக்கிறார்கள். ஒருவர் எந்த ஆண்டு மறுநடவு செய்கிறார் என்பது பக்கத்தவருக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே ஆண்டில் மரத்தைச் சாய்த்துக் கன்று நட்டு வேலி போட்டால் யானைக்குப் போக்கிடம் இருக்காது. அது வேலியை உடைக்கும். ஆண்டுக்கு ஒரு பக்கமாகச் செய்தால் உடைக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தின் மறுநடவுப் பட்டியலை மாவட்ட அலுவலகத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும். பெர்ஹிலித்தானிடம் யானையின் நடமாட்டம் பற்றிய தகவல் இருக்கிறது, தோட்டங்களிடம் நடவுக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க யாராவது கூட்டம் கூட்ட வேண்டும்.

இந்த அறக்கட்டளை அந்த முதல் கூட்டத்தைக் கூட்டலாம் என்பது என் வேண்டுகோள். பாலிங்கிலும் சிக்கிலும் இருக்கும் சிறு தோட்டக்காரர்களை, மலாய்க்காரர் தமிழர் என்று பாராமல், அழைக்க வேண்டும். தொழிற்கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேலிப் பெட்டியைத் திறந்து பழுது பார்க்கவும், வோல்ட் அளந்து குறிக்கவும், மண்கம்பி இறக்கவும் பயிற்சி தர வேண்டும். புல் வெட்டுவதற்கான கூலியை யார் கொடுப்பது என்பதை அந்தக் கூட்டத்தின் முதல் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடிவாகாமல் ஒரு கம்பிகூட வாங்க வேண்டாம்.